சீக்கிரம் இருட்டும் கரை

பேருந்து ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் வனஜா கணவனின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். ஐந்து மணி ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. மடியிலிருந்த பால்பவுடர் டின் குலுங்கும்போதெல்லாம் உள்ளே பொருவிளங்கா உருண்டைகள் ஒன்றோடொன்று மோதிக் கற்களைப் போல ஓசையிட்டன. ஆவடி குவார்ட்டர்ஸில் வறுத்து, அரைத்து, உருட்டி, கப்பலில் வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் நடுவே தலைமாட்டில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்த டின். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அவள் ஊரில் பார்த்த எந்த மரத்தையும் விட உயரமாக இருந்தன. அவற்றின் இடுக்கில் அவ்வப்போது கடல் தெரிந்து மறைந்தது. கடலின் மேல் வெளிச்சம் ஏதோ அவசரத்தில் இருப்பதுபோல நிறம் மாறிக்கொண்டே வந்தது.

"இன்னா, சும்மா சும்மா கையப் பாத்துகினே வர?" என்றார் கலியமூர்த்தி.

"மணி பாத்தேன்."

"பொழுது சாய ஆறு மணி ஆவும். அதுக்கு முன்னாடி போயி அங்க குந்திகினு இன்னா பண்ணப் போறோம்?"

மூன்று மணி பேருந்துக்கே போர்ட் பிளேர் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்தான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். டீ குடித்தவர் பக்கத்துக் கடையில் சங்கு விலை கேட்டார். சங்கைக் காதில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பேருந்து கிளம்பிப் போனது அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இருபத்தைந்து வருடம் ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருப்பவர். ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்பியே பழகிய மனிதர். ஒரு நாளும் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. தம்பியைப் பார்க்கப் போகிற இன்றைக்கு மட்டும் ஏன் கால் இப்படிப் பின்னுகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் திட்டவும் வாய் வரவில்லை.

தம்பி உத்தமன். வனஜா மருமகளாகச் சென்னீர்குப்பம் வீட்டுக்கு வந்தபோது அரைக்கால் சட்டையுடன் வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தவன். அவனுக்குத் தலை வாரி, சோறு கட்டி, பூந்தமல்லி பள்ளிக்கு அனுப்பியவள் அவள். உருண்டையைக் கடிக்க முடியாமல் கதவிடுக்கில் வைத்து உடைத்துத் தின்பான். அதனால் ஒரு கதவு கீல் தளர்ந்தே போனது. பிறகு வளர்ந்து, இந்தத் தீவில் வனத்துறையின் மரம் வெட்டும் கூப்பில் வேலை கிடைத்துக் கப்பலேறினான். வருடம் ஒருமுறை வருவான். மாமியார் பார்வதம் அவன் வரும் தேதியைத்தான் பொங்கல், தீபாவளி என்று நினைத்தாள்.

அந்தப் பார்வதம் கத்திரி வெயிலில் இறந்துபோனாள். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கொள்ளி வைக்க வேண்டியவன் உத்தமன். தந்தி கொடுத்தார்கள். கப்பல் ஏறிவிட்டேன் என்று பதில் தந்தி வந்தது. கப்பல் வந்து சேர மூன்று நான்கு நாளாகும். பக்கத்து வீட்டு லாரிக்காரர் துலுக்கானம், "குமணன்சாவடி போயி ஐஸ் கட்டி ஏத்திகினு வந்துடறேன். சின்னவன் வர்ற வரைக்கும் வெச்சிக்கலாம். எனக்கு ஒண்ணும் தர வாணாம்" என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கலியமூர்த்தி திரும்பி வனஜாவைப் பார்த்தார். எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தவளைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, வனஜாவின் கை தோள்பட்டையிலிருந்து கழன்றுவிடும்போல இருந்தது. தூங்க வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவுமே இல்லை. "எடுத்துடலாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். கொள்ளியை மூத்தவரே வைத்தார்.

உத்தமன் வந்தபோது பால் தெளித்து முடிந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றான். "எனக்காவ கொஞ்சம் காத்துகினு இருக்கக் கூடாதாண்ணா?" என்று கேட்டான். சத்தம் போடவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற வனஜாவுக்கு அது கேட்டது. தொடர்ந்து கணவன் சொன்னதும் கேட்டது. "நான்தான்டா முடிவு பண்ணேன். என்னிய இன்னா வேணா சொல்லிக்கோ." உத்தமன் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். வனஜா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அன்று வராமல் போனது நான்கு வருடமாக அவளை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. விளக்கேற்றும்போது திரியைத் தூண்டத் தூண்ட அந்தக் கேள்விதான் எரிந்தது. திருவேற்காடு கருமாரியிடம் போய் எத்தனை முறை நின்றாலும், அம்மன் அவளையே திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

பூந்தமல்லியில் ரவிக்கை தைக்கும் அஷ்ரஃபுன்னிசாவிடம் ஒரு நாள் அளவு கொடுக்கப் போன இடத்தில் அழுதுவிட்டாள். அஷ்ரஃபுன்னிசா தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அழுகிறவளை வாசலில் நிற்கும் மற்றவர்கள் கவனிக்காமல் இருக்கட்டும் என்று இன்னும் வேகமாக மிதித்தாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "என் தம்பி நஜீர் அங்கதாங்க்கா செருப்புக் கடை போட்டுகினு கீறான். கண்டுபுடிக்கச் சொல்றேன். நீ கப்பலுக்குச் சொல்லு" என்றாள். கலியமூர்த்திக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கச் செலவில் ஊர் சுற்றிவர அனுமதி உண்டு. மற்றவர்கள் காசிக்கும் காஷ்மீருக்கும் போனபோது, அந்தமான் போகலாம் என்று இவள் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார்.

நஜீர் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். நேற்றுக் கொட்டும் மழையில் கப்பல் துறைக்கே குடையோடு வந்து செய்தி சொன்னான். "ஊட்டுக்கு வாணாமாம் அக்கா. நாளிக்கு சிடியாடாப்புல, பொழுது சாயறதப் பாக்க எல்லாரும் நிப்பாங்க இல்ல, அந்தக் கரையாண்ட வந்து நிப்பாராம். பொழுது சாயற நேரம். வந்தா வரட்டும்னு சொன்னாரு." வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. அங்கே பொழுது எப்போது சாயும் என்பது, அங்கேயே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை.

பேருந்து கடைசி வளைவில் இறங்கியது. மரங்கள் விலகின. கடல் முழுதாகத் தெரிந்தது. அதற்கு மேல் வானம் அடுப்பில் தணல் அவியும் நிறத்தில் இருந்தது. வனஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"சூரியன் எங்கங்க?"

கலியமூர்த்தியும் குனிந்து பார்த்தார். இந்தக் குன்றுக்குப் பின்னால் இருக்கும் என்பதுபோல இடதுபுறம் பார்த்தார், வலதுபுறம் பார்த்தார். அவர்கள் ஊர்க் கடலில் சூரியன் எழும்பத்தான் செய்யும், இறங்காது. கடலில் இறங்கும் சூரியனை எந்தப் பக்கம் தேடுவது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே கால். கையைத் தூக்கி அதைக் காதில் வைத்துக் கேட்டார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இறங்கியபோது எதிரே வந்துகொண்டிருந்தார்கள் மனிதர்கள். குழந்தையைத் தோளில் போட்டவர்கள், செருப்பைக் கையில் பிடித்தவர்கள், எல்லாம் முடிந்து வீடு திரும்புகிறவர்களின் முகத்தோடு. வனஜா அவர்களுக்கு எதிராக ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஒவ்வொரு ஆண் முகத்தையும் உற்றுப் பார்த்தாள். மணல் ஈரமாக இருந்தது. ஒரு பெரிய மரம் வேரோடு கரையில் விழுந்து கிடந்தது. அதன்மேல் யாரும் இல்லை. அலை என்று சொல்லும்படி அலைகூட இல்லை. கடல் கரையை மெல்லத் தொட்டுவிட்டு, தொட்டதைச் சொல்லாமல் திரும்பிப் போயிற்று. இவ்வளவு அமைதியான கடலை அவள் பார்த்ததில்லை. அந்த அமைதி அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

கரையோரத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்தான் பேசினாள்.

"ஊர்லேந்து வர்றீங்களா? வர்றவங்க எல்லாரும் இப்படித்தாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சூரியன் எங்கன்னு என்னைக் கேப்பாங்க. நான் என்னமோ எடுத்து ஒளிச்சு வெச்ச மாதிரி. உங்க மணியும் எங்க மணியும் ஒண்ணுதாங்க. பொழுதுதான் வேற. மார்கழி வரப்போகுதில்ல, அஞ்சு அடிச்சா போயிடும்."

"நேத்து இருட்டினது மழைன்னு நெனச்சோமே" என்றார் கலியமூர்த்தி, யாரிடமோ முறையிடுவதுபோல.

"இங்க உத்தமன்னு ஒருத்தரு..." என்று தொடங்கிய வனஜாவுக்கு மூச்சு வாங்கியது.

கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உத்தமண்ணன் வீட்டு ஆளுங்களா நீங்க? மத்தியானமே வந்துட்டாரே. அந்த மரத்து மேலதான் உக்காந்திருந்தாரு. ராஜம்மா, ரெண்டு டீக்குப் பால் எடுத்து வைன்னாரு. ஒவ்வொரு பஸ் வரும்போதும் எந்திரிப்பாரு, அப்புறம் உக்காருவாரு. பொழுது போனதுக்கப்புறமும் நின்னாரு. அண்ணே, கௌம்புங்க, தண்ணி வத்துது, அப்புறம் படகு தரை தட்டும்னு நான்தான் சொன்னேன்." அவள் எதிரே இருட்டில் கறுப்பாகக் கிடந்த இன்னொரு தீவைக் காட்டினாள். "வேலை அங்கதானே. இப்பதாங்க போனாரு. அதோ."

கடலின் மேல் ஒரு சின்ன வெளிச்சம். படகில் வைத்த லாந்தராக இருக்க வேண்டும். துடுப்பு நீரில் விழும் ஓசை, உற்றுக் கேட்டால், கேட்டது.

"ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

ராஜம்மா தயங்கினாள். "எங்க வீட்டுல யாருக்கும் காத்திருக்கத் தெரியாது ராஜம்மா, நானாச்சும் கொஞ்சம் இருந்து பாக்கறேன்னாரு."

பின்னால் பேருந்தின் ஹாரன் ஒலித்தது. திருப்பி நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பீடி. "கடைசி வண்டிம்மா. இத வுட்டா காலையிலதான். வாங்க."

"கடைசி வண்டியாமா?" கலியமூர்த்தி வனஜாவின் கையிலிருந்த டின்னை வாங்கி ராஜம்மாவிடம் நீட்டினார். "இத அவன் வந்தா குடுத்துடுங்க. வா வனஜா, போலாம். நம்ம குடுப்பின அவ்ளோதான்."

வனஜா நகரவில்லை. "அன்னிக்கும் இதாங்க சொன்னோம். குடுப்பின அவ்ளோதான்னு."

அவர் முகம் மாறியது. ஓட்டுநர் எட்டிப்போய் நின்றுகொண்டார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன். ஊரு பாக்க வரல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சங்கு விலை கேட்டுகினு நின்னீங்க?"

கலியமூர்த்தி மணலைக் காலால் கிளறினார். "சொல்லி இன்னா ஆவப் போவுது? அவனுக்கு அம்மாவுக்கு அப்புறம் நீதான். உன்னையும் இல்லாம பண்ணிட்டா, அப்புறம் அவன் யார்கிட்ட போவான்? எம்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

"உங்க தலை மேல எத்தினி நாளைக்கி வெச்சிகினு இருப்பீங்க?"

"எனக்கு ஒண்ணும் கனமா இல்ல வனஜா."

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்த மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவள் நினைத்திருந்தவர். தெய்வத்தைக் கோவிலில் தேடிப் போகும்போது அது வீட்டில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போலும். அவளுக்கு அழுகை வரவில்லை. கால்தான் பரபரத்தது. திரும்பி நீரை நோக்கி நடந்தாள். முழங்கால் நனையும் வரை போனாள். "உத்தமா" என்று கூப்பிட்டாள். சோறு ஆறுகிறது என்று சென்னீர்குப்பம் தெருவில் கூப்பிட்ட அதே குரல். அது கொஞ்ச தூரம் போய்க் கடலில் கரைந்துவிட்டது.

"கேக்காதும்மா" என்றார் ஓட்டுநர். "காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

"பாக்கவாச்சும் மாட்டானா?" என்றாள், திரும்பாமல்.

"பாப்பாரு" என்றாள் ராஜம்மா. "துடுப்பு வலிக்கிறவங்க போற பக்கத்தப் பாக்க மாட்டாங்கம்மா. விட்டுட்டுப் போற கரையத்தான் பாத்துட்டே போவாங்க. இங்க இருட்டாக் கெடக்கு, அதான்."

ஓட்டுநர் காதிலிருந்த பீடியை எடுத்தார். பற்றவைக்காமல் மறுபடி காதில் செருகினார். பேருந்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய் ஏறிக்கொண்டார். வண்டி உறுமியது. கிளம்பிவிட்டது என்றுதான் வனஜா நினைத்தாள். அது பின்னால் வந்து, திரும்பி, முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய், சாலையின் ஓரத்தில் கடலைப் பார்த்து நின்றது. சட்டென்று கரை முழுக்க வெளிச்சமாயிற்று. மணலில் நண்டுகள் திகைத்து ஓடின.

"இன்னா தசரதா, பஸ்ஸு கடலுக்குள்ள போவுதா?" என்று உள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"ஆமா, நீ டிக்கெட்டுக்கு மேல காசு குடு, எறக்கறேன்" என்றார் ஓட்டுநர். எஞ்சினை அணைத்தார்.

"பேட்டரி எறங்கிடும்யா."

"எறங்கினா நீ எறங்கித் தள்ளு. உடம்பு வளரணும் இல்ல."

சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் ஜன்னலில் தலையை நீட்டி, "யாரு போறாங்க படகுல?" என்று கேட்டாள். ராஜம்மா பதில் சொல்ல, அது வண்டிக்குள் வாய் மாறி வாய் மாறிப் போயிற்று. பிறகு யாரும் சிரிக்கவில்லை. யாரும் மணி என்ன என்றும் கேட்கவில்லை. தசரதன் விளக்கை அணைத்தார், போட்டார். அணைத்தார், போட்டார்.

வனஜா தண்ணீரிலிருந்து ஏறி வந்து வெளிச்சத்தின் நடுவில் நின்றாள். கண் கூசியது. கடலைப் பார்க்கத் திரும்பியபோது தன் நிழல் தன்னைவிட எத்தனையோ மடங்கு நீண்டு நீரின் மேல் விழுந்து கிடப்பதைக் கண்டாள். இவ்வளவு பெரிய நிழலைப் பார்த்தால் அண்ணி என்று தெரியுமா? முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். கொண்டை தெரியட்டும் என்று பக்கவாட்டில் திரும்பி நின்றாள். அப்படி நிற்பது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அப்படியே நின்றாள்.

கலியமூர்த்தி வெளிச்சத்தின் விளிம்பில், இருட்டில் நின்றிருந்தார்.

"வாங்க" என்றாள்.

"என்னியப் பாத்தா வருவானா?"

"வரலன்னா பரவால்ல. நாம நிக்கறது தெரியட்டும்."

அவர் ஒரு அடி வைத்தார். நின்றார். சங்கு ஊதாமல் எந்த இடத்துக்குள்ளும் நுழையாத மனிதர்போல, யாராவது சொல்லட்டும் என்று காத்திருப்பவராகத் தெரிந்தார். ராஜம்மா அடுப்பை மறுபடி மூட்டிக்கொண்டிருந்தாள். டின்னிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கடித்துப் பார்த்து, "அம்மாடி, இது என்ன கல்லா?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கேட்டுக் கலியமூர்த்தியின் வாயோரம் கோணியது. "கதவுல வெச்சுதான் ஒடைக்கணும்" என்றார். சொல்லிக்கொண்டே வெளிச்சத்துக்குள் வந்துவிட்டார். இரண்டு நிழல்கள் நீரின் மேல் ஆடின.

கருமாரியம்மா, என்று வனஜா மனதுக்குள் கூப்பிட்டாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் கொஞ்ச நேரம் நிற்பதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பேருந்து நிறைய ஜனம் இவர்களுக்காக இருட்டில் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. அன்று துலுக்கானம் சாவியோடு நின்றதும் இப்படித்தான்.

தூரத்தில் அந்தச் சின்ன வெளிச்சம் இருந்தது. துடுப்பின் ஓசைக்காக அவள் காதைக் கொடுத்தாள். தசரதன் விளக்கை அணைத்தார். இருட்டில் எல்லாரும் கேட்டார்கள். நீர் மணலைத் தொட்டுத் தொட்டு விலகுவது மட்டும் கேட்டது. துடுப்பு ஓசை இல்லை.

மறுபடி விளக்கு எரிந்தபோது கலியமூர்த்தி கையைத் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தார். கையில் கடிகாரத்தின் கண்ணாடி மின்னியது. அவர் அதைப் பார்க்கவில்லை. கடலின் மேல் லாந்தர் பெரிதாகவும் ஆகவில்லை, சிறிதாகவும் ஆகவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு யாரோ கரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல, நின்ற இடத்திலேயே அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.